மொட்டை மாடியில் விட்டுப்போன நாய்க்கு மனு எழுதும் விதம்

மதுரையில் 18 வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். போன சித்திரையில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. நாயை மட்டும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் காலில் கட்டியபடியே விட்டுப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. ஏறிப் பார்த்தால், காய்ந்த அலுமினியத் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. நைலான் கயிறு கழுத்துத் தோலுக்குள் இறங்கியிருந்தது. குரைக்கவில்லை, வாலை ஒரே ஒரு தடவை அசைத்தது.

இப்படி ஒரு நாயைப் பார்த்தால் கை முதலில் கயிற்றுக்குத்தான் போகும். அதற்கு முன்னால் அரை நிமிஷம் செல்போனில் எடுங்கள்: கயிற்றின் நீளம், காலித் தட்டு, நிழல் இல்லாத தரை, வீட்டுக் கதவு எண். கட்டவிழ்த்த பிறகு இதற்கெல்லாம் சாட்சி கிடையாது. வீடு பூட்டியிருந்தால் பூட்டை உடைக்காதீர்கள், வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாவம் என்று ஒரேயடியாகச் சோறு வைத்தால் வாந்தி எடுத்துவிடும். பயந்த நாய் கடிக்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.

அடுத்து அரசு கால்நடை மருத்துவமனை. மருந்துச் சீட்டு மட்டும் போதாது. எடை, கழுத்துக் காயம், நீர்ச்சத்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதித் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப்போகும் மனுவுக்கு முதுகெலும்பே அந்தத் தாள்தான்.

இனி சட்டம். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு. வளர்ப்பவர் போதுமான சோறும் தண்ணீரும் இருக்க இடமும் கொடுக்காவிட்டால் 11(1)(எச்). பட்டினியோ தாகமோ வரும் நிலையில் காரணமின்றிக் கைவிட்டால் 11(1)(ஐ). முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு உயிரை வெயிலில் காயவிட்டதற்கு 50 ரூபாய் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் சொல்கிறேன், மனுவில் தண்டனையைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள், நாயைக் கேளுங்கள். ஸ்டேஷனில் "இது நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடுகிற குற்றம் இல்லையே" என்பார்கள். மேலே சொன்ன (எச்), (ஐ) இரண்டுக்கும் அது உண்மைதான், விசாரிக்கவே மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும். ஆனால் 34-ஆம் பிரிவு இருக்கிறது. குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எந்தப் போலீஸ் அதிகாரியும் விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோய்க் காட்டலாம். 35-ஆம் பிரிவின்படி அதைப் பராமரிப்பில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், செலவு உரிமையாளர் தலையில். மனுவின் கடைசிப் பத்தியில் நான் எழுதுவது இதுதான்: "மேற்படி நாயைப் பிரிவு 34-ன்கீழ் கைப்பற்றி, பிரிவு 35-ன்கீழ் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்."

மனு கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது, வாங்காமல் படி இறங்காதீர்கள். குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும், 36-ஆம் பிரிவு. "அடுத்த வாரம் வாங்க" என்று இழுத்தால் அந்த நாட்கள் நம் கணக்கில்தான் கழியும்.

பெரும்பாலும் உரிமையாளரைக் கூப்பிட்டு விசாரித்ததும் "நீங்களே வெச்சுக்கோங்க சார்" என்பார். வாய்வார்த்தையாக விடாதீர்கள். நாயின் நிறம், அடையாளம், தேதி, இனி உரிமை கோரமாட்டேன் என்பது, இரண்டு சாட்சிக் கையெழுத்து எல்லாம் எழுதி வாங்குங்கள். நாய் தேறி மினுமினுவென்று ஆன பிறகு திரும்பி வந்து கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெரு நாய்க்கு எழுதி வாங்கிய தாள், அதன் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையோடு ஒரே கவரில் என் பீரோவில் இருக்கிறது.