டில்லர் முழங்காலில் இடிக்கிறதா? சின்னப் பாய்ப்படகில் வசதியாக உட்கார்ந்து ஓட்ட ஒரு செய்முறை

ஐந்தாறு மீட்டர் நீளப் பாய்ப்படகுகளில் டில்லரைப் (சுக்கானைத் திருப்பும் கைத்தடி) பற்றிய புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். உட்கார்ந்தால் தொடையில் உரசுகிறது, படகைத் திருப்பும்போது முழங்காலில் இடிக்கிறது, கொஞ்ச நேரத்திலேயே தோள்பட்டை வலிக்கிறது, காக்பிட்டில் (ஓட்டுபவர் உட்காரும் பள்ளமான இடம்) இன்னொருவர் உட்கார இடமில்லை. இதற்காக உடனே புது டில்லர் செய்ய மரம் தேடிக் கிளம்ப வேண்டாம். வெறும் 5 மி.மீ. பிளாஸ்டிக் துண்டிலேயே வேலை முடிந்துவிடும் படகுகளும் உண்டு. எளிதானதை முதலில் பார்த்துவிட்டு, கடைசியில் மரவேலைக்குப் போவோம்.

முதலில்: பிரச்சினை கனமா, இடமா?

டில்லர் கையை இழுத்துக்கொண்டே இருந்தால் அது உட்காரும் வசதி சார்ந்த விஷயம் அல்ல. தூக்கி இறக்கும் வகைச் சுக்கான் என்றால், அதன் அலகு (தண்ணீருக்குள் நிற்கும் பலகை) முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அலகு பின்பக்கமாகச் சற்றே தூக்கியிருந்தாலும், தண்ணீரின் அழுத்தம் சுக்கானின் அச்சிலிருந்து விலகிப் பின்னால் போய்விடும். அந்தச் சுமை முழுவதும் கைக்குத்தான் வரும். காற்றுக்கு மீறி பாய் விரித்துப் படகு அதிகம் சாய்ந்தாலும் இதே கதைதான். அலகை இறக்குங்கள், பாயைக் குறையுங்கள். கனம் போனபிறகே டில்லரில் கை வையுங்கள்.

காரணம், பலர் செய்யும் முதல் மாற்றம் டில்லரை வெட்டிக் குட்டையாக்குவது. 120 செ.மீ. டில்லரில் 6 கிலோ இழுவை இருந்தால், 90 செ.மீ. ஆக்கியதும் அது 8 கிலோ ஆகிவிடும். இடம் கிடைக்கும், தோள்பட்டை போய்விடும்.

அளவெடுத்தல்

இருக்கையில் மெத்தை போட்டு ஓட்டுபவர் என்றால் மெத்தையோடே உட்காருங்கள். டில்லரைப் பிடிக்கும்போது முழங்கை மடங்கி, தோள் தளர்ந்து இருக்க வேண்டும். தோள் மேலே தூக்கிக்கொண்டால் டில்லர் அதிக உயரம். முன்னால் குனிய வேண்டியிருந்தால் தாழ்வு. டில்லரின் அடிப்பக்கத்துக்கும் தொடையின் மேற்பக்கத்துக்கும் இடையே நான்கு விரல் நுழையட்டும். இருபக்கமும் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது வீச்சு. சுக்கான் ஏறக்குறைய 35 டிகிரிக்கு மேல் திரும்பினால் படகைத் திருப்புவதைவிட பிரேக் போடுவதைத்தான் அதிகம் செய்யும். ஆகவே அந்த அளவு வரை டில்லர் தடையில்லாமல் போனால் போதும். சுக்கான் அச்சிலிருந்து 100 செ.மீ. நீளமுள்ள டில்லரின் நுனி, 35 டிகிரியில் நடுக்கோட்டிலிருந்து 57 செ.மீ. விலகி நிற்கும். உங்கள் காக்பிட்டின் பக்கச் சுவர் 50 செ.மீ.யிலேயே வந்துவிட்டால், விரல்கள் நசுங்கும். அங்கே மட்டும் கொஞ்சம் குட்டையாக்குவது நியாயம். மெயின்ஷீட் (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) ஓடும் கப்பி காக்பிட் தரையில் இருந்தால், டில்லர் அதைத் தொடாமல் தாண்டுகிறதா என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

5 மி.மீ. வைத்தியம்

தூக்கி மடக்கும் டில்லர்கள் பெரும்பாலும் சுக்கான் தலையின் (சுக்கானின் மேல்முனை) இருபக்கத் தகடுகளுக்கு நடுவே ஒரு போல்ட்டில் சுழலும். அதற்கு முன்னால் ஒரு தாங்கியில் படுத்திருக்கும். போல்ட்டிலிருந்து தாங்கி 10 செ.மீ. தள்ளி இருக்கிறது, கைப்பிடி 100 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கியின் மேல் 5 மி.மீ. கனமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் துண்டை வைத்தால், கைப்பிடி 5 செ.மீ. உயரும். முழங்கால் தப்பிக்க அது போதும். முதலில் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சரிப்பட்டால் இரண்டு சின்ன ஸ்டெயின்லெஸ் திருகுகளால் டில்லரின் அடியிலேயே பொருத்திவிடலாம். ரப்பர் வேண்டாம். அது அமுங்கும், டில்லர் ஆடும்.

எக்ஸ்டென்ஷன்

பக்கத் தளத்தில் உட்கார்ந்து ஓட்டுபவருக்குப் புது டில்லரைவிட ஒரு எக்ஸ்டென்ஷன்தான் (டில்லரின் நுனியில் மூட்டு வைத்துப் பொருத்தும் கம்பு) பலன் தரும். டில்லர் நடுவில் நிற்கும்போது, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் மார்புக்கு முன்னால் எக்ஸ்டென்ஷனின் நுனி வர வேண்டும், அதுதான் நீளம். அதைவிட நீண்டால் படகைத் திருப்பும்போது மெயின்ஷீட்டில் சிக்கும். இணைப்புக்கு எல்லாப் பக்கமும் வளையும் ரப்பர் மூட்டு நல்லது. டில்லரின் மேற்பக்கத்தில், நுனியிலிருந்து 4 செ.மீ. உள்ளே, மரத்தை ஊடுருவும் போல்ட்டில் பொருத்துங்கள். மரத்திருகு போட்டால் ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். ரப்பரில் வெடிப்பு கண்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.

புது டில்லர்தான் வேண்டும் என்றால்

நேரான டில்லரில் உயரம் சரிப்படவே இல்லை, வளைவு தேவை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். ஒரு அட்டையை வளைவாக வெட்டி, பழைய பிளைவுட்டில் வரைந்து அறுத்து, படகில் செருகி உட்கார்ந்து பாருங்கள். இது கரையில் பார்க்க மட்டும். இதை வைத்துத் தண்ணீரில் இறங்கக் கூடாது. சுக்கான் தலையிலிருந்து எழும்பி, கைப்பிடி வரும் இடத்தில் லேசாகத் தாழும் வளைவுதான் மணிக்கட்டுக்கு இதமாக இருக்கும்.

ஒரே பலகையிலிருந்து இந்த வளைவை அறுத்தெடுத்தால், வளையும் இடத்தில் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டுப்போகும். சரியாகப் பலத்த காற்றில் அங்கேதான் உடையும். அதனால் மெல்லிய பட்டைகளை ஒட்டி வளைப்பதே வழி. 6 மி.மீ. கனம், 48 மி.மீ. அகலத்தில் ஆறு பட்டைகள். தேவையான நீளத்தைவிட 15 செ.மீ. கூடுதலாக. கணு இல்லாத ஆஷ், மஹோகனி இரண்டும் நன்றாக ஒட்டும். தேக்கில் எண்ணெய் இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும். மரம் நன்றாக உலர்ந்திருப்பது முக்கியம்.

அச்சு: ஒரு கெட்டிப் பலகையில் வளைவை வரைந்து, கோட்டையொட்டி மரக்கட்டைகளைத் திருகி, எல்லாவற்றையும் பாலித்தீன் தாளால் மூடுங்கள். மூடாவிட்டால் டில்லரும் அச்சும் ஒன்றாகிவிடும். கிளாம்பை விட்டதும் வளைவு கொஞ்சம் நிமிரும். எத்தனை பட்டைகளோ அந்த எண்ணின் வர்க்கத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு. 10 செ.மீ. வளைவு ஆறு பட்டையில் சுமார் 3 மி.மீ. நிமிரும், மூன்று பட்டையில் 11 மி.மீ. அந்த அளவு அச்சிலேயே கூடுதலாக வளைத்துவிடுங்கள்.

பசை இல்லாமல் ஒருமுறை எல்லாக் கிளாம்பையும் போட்டு ஒத்திகை பார்ப்பது கட்டாயம். 135 செ.மீ. நீளத்துக்குப் பதினான்கு கிளாம்ப் வரை பிடிக்கும், 10 செ.மீ.க்கு ஒன்று. கிளாம்ப் போதவில்லை என்பது பசை தடவியபிறகு தெரிந்தால் தலைவலிதான்.

எபாக்ஸி (ரெசினும் ஹார்ட்னரும் கலந்ததும் இறுகும் பசை) மொத்தம் 250 கிராம் போதும், அதையும் இரண்டு தடவையாகக் கலக்குங்கள். ஒரே கோப்பையில் மொத்தமாக வைத்தால் சூடேறிக் கோப்பையிலேயே இறுகிவிடும். அகலமான தட்டில் பரப்பி வைத்தால் நேரம் கிடைக்கும். சீக்கிரம் இறுக வேண்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டாதீர்கள். அது வேகமாக இறுகாது, அரைகுறையாகவே நின்றுவிடும். ஒட்டும் இரு முகங்களிலும் முதலில் வெறும் எபாக்ஸி, பிறகு ஒரு முகத்தில் மட்டும் சிலிக்காத் தூள் கலந்து தயிர்ப் பதத்துக்குக் கெட்டியாக்கியது. நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிக் கிளாம்பை முடுக்குங்கள். இணைப்பு நெடுக பசை சின்ன முத்துகளாக வெளியே வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இன்னும் முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி, உள்ளே ஒட்ட ஒன்றும் இருக்காது.

24 மணி நேரம் தொடாதீர்கள். கிளாம்ப் பிரித்ததும் மேலே மெழுகுபோல ஒரு பிசுபிசுப்பு இருக்கலாம். அதைத் தண்ணீர் விட்டு நாரால் தேய்த்துக் கழுவியபிறகே உப்புத்தாள். நேரே தேய்த்தால் அந்தப் படலம் மரத்துக்குள் இறங்கி, வார்னிஷ் பிடிக்காது.

வடிவம்

முதலில் இரு பக்கங்களையும் இழைத்து, தகடுகளுக்கு நடுவே பக்கத்துக்கு அரை மி.மீ. இடைவெளியோடு நுழையும்படி செய்யுங்கள். வார்னிஷ் அந்த இடைவெளியில் பாதியை எடுத்துக்கொள்ளும். தலைப்பகுதி நாற்சதுரமாகவே இருக்கட்டும். தகடுகளுக்குச் சற்று முன்னால்தான் டில்லருக்கு அதிகச் சுமை, அங்கே மரத்தைக் குறைக்கக் கூடாது. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாண்டியபிறகு மெலிக்கத் தொடங்குங்கள். கைப்பிடியில் சதுரத்தை எட்டுப்பட்டையாக்கி, அதைப் பதினாறு பட்டையாக்கி, அப்புறம் உருட்டினால் கோணாமல் வரும். கயிறு சுற்றப் போகிறீர்கள் என்றால் 30 மி.மீ. விட்டம். பின்முனையின் கீழ் மூலையை உருட்டிவிட மறந்தால் டில்லர் மேலே மடங்காது.

போல்ட் துளை

8 மி.மீ. போல்ட் என்றால் முதலில் 12 மி.மீ. துளை போட்டு, அடியில் டேப் ஒட்டி, கெட்டி எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபிறகு நடுவில் 8 மி.மீ. துளை போடுங்கள். தண்ணீர் மரத்துக்குள் போகாது. டில்லர்கள் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் இந்தத் துளையில்தான். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ். மரத்துக்குள் இருக்கும் பகுதி மரையில்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும், மரை இருந்தால் அரம்போலத் துளையை அராவிவிடும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் கழலாத நட்டு), டில்லரைத் தூக்கிவிட்டால் தானாக விழாத அளவுக்கு மட்டும் முடுக்குங்கள்.

கைப்பிடியும் பூச்சும்

எபாக்ஸி வெயிலைத் தாங்காது, வெளுத்துப் பொடியும். புற ஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷ் ஆறு கோட். முதல் கோட்டைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து நீர்க்க வைத்து மரத்துக்குள் ஊற விடுங்கள்.

கைப்பிடியில் 30 செ.மீ. தூரத்துக்கு 3 மி.மீ. கயிறு சுற்ற நூறு சுற்று வரும், பத்தரை மீட்டர் பிடிக்கும்; முடிச்சுக்கும் சேர்த்து 12 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். நனைத்துச் சுற்றினால் பருத்திக் கயிறு தளரும், செயற்கை நூல் கயிறுக்கு அந்தத் தொல்லை இல்லை. கயிற்றின் மேல் வார்னிஷ் அடித்தால் வழுக்கும்.

பொருத்தியதும் டில்லரை இரு பக்கமும் முழுவதும் தள்ளி, மேலே மடக்கி, மெயின்ஷீட்டை இழுத்து எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டைத் திரும்பச் சோதியுங்கள், புது மரம் கொஞ்சம் அமரும். பழைய டில்லரைத் தூக்கி எறியாமல் படகின் அறையில் போட்டு வையுங்கள். அதே துளை அளவு என்பதால் அவசரத்துக்கு அப்படியே செருகிக்கொள்ளலாம்.