பெயிண்டைக் கடைசியில் அடியுங்கள்: பழைய பைக்கை மீட்கும்போது காசைக் கரைக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும், ஏதாவது ஒரு வீட்டுச் சாய்ப்பில் தார்ப்பாய் மூடிய பைக் ஒன்று நிற்கும். அப்பா ஓட்டிய ஹீரோ ஹோண்டா சிடி 100, மாமா வளைகுடா போகுமுன் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்த மேக்ஸ் 100. அதை எடுத்து ஓட்டிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. பத்துப் பதினைந்தாயிரத்தோடு இறங்குகிறவர்கள் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கணக்கைக் கேட்டுப் பார்த்தால் பெயிண்டுக்கும் சீட்டுக்கும் சைலன்ஸருக்கும் முதலிலேயே போயிருக்கும். ஆயில் சீலுக்கும் பிரேக்குக்கும் ஆர்டிஓ ஆபீஸுக்கும் மிச்சம் இருக்காது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கினால் அதே காசில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும்.

ஆர்சி புக்கைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பது

"புக்கெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் மக்கா" என்று சொல்லித்தான் வண்டியைத் தள்ளிவிடுவார்கள். நம்பாதீர்கள். பைக்கின் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஃபாரம் 25 கொடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 ஏப்ரல் முதல், புதுப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் கூடுதல் கட்டணம் உண்டு. பசுமை வரி தனி. ஓசியில் கிடைத்த வண்டிக்குக் கட்டவேண்டிய பாக்கி, வண்டியின் விலையைத் தாண்டிவிடலாம். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். அந்த ஆபீஸில் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் பதிவின் நிலை தெரியும். மிகப் பழைய வண்டிகளின் விவரம் அங்கே ஏறாமல் இருப்பதும் உண்டு. அப்போது புக்கோடு நேரில்தான் போக வேண்டும்.

நம்மூருக்கே உரிய சிக்கல், கேரள எண் வண்டி. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மலிவாகக் கிடைத்தது என்று கேஎல் 01, கேஎல் 19, கேஎல் 20 வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பதிவு செய்த ஆபீஸில் ஃபாரம் 28 கொடுத்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்காமல் இங்கே பெயர் மாற்ற முடியாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இந்த மாநிலத்தில் ஓட்டுவதானால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு வரியும் கட்ட வேண்டும். உரிமையாளர் இறந்துபோயிருந்தால் ஃபாரம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவை. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: புக்கில் பழைய ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் அடைத்ததற்கான கடிதமும் ஃபாரம் 35உம் யாரிடமும் இருக்காது. கம்பெனியையே மூடிவிட்டிருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. அப்படிப்பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஆய்வின்போது அந்த எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். கிரைண்டர் வைத்துத் துருவை நீக்குகிற வேகத்தில் எண்ணும் போய்விட்டால், அல்லது அதன்மேல் பெயிண்டர் பட்டி பூசி மறைத்துவிட்டால், மற்ற எல்லா வேலையும் சரியாக இருந்தும் வண்டி ஆய்வில் நின்றுவிடும். அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

பேருக்காக வண்டியைத் தேர்ந்தெடுப்பது

கையில் காசு குறைவு, ஆனால் ஆர்எக்ஸ் 100தான் வேண்டும் என்கிற பிடிவாதம் செலவை ஏற்றிவிடும். 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி அது. பெயர் பெரிதாக வளர வளர, அசல் உதிரிபாகத்தின் விலையும் வளர்ந்துவிட்டது. ஜாவா, யெஸ்டி தயாரித்த மைசூர் தொழிற்சாலையும் 1996இல் மூடிவிட்டது. அவற்றின் பாகங்களுக்குத் தனியாக ஆள் பிடித்துத் தேட வேண்டும். சிடி 100, ஸ்பிளெண்டர் வரிசையில் இருப்பது அதே 97.2 சிசி எஞ்சின் குடும்பம். திங்கள்சந்தையில் இருக்கும் சின்ன ஸ்பேர் கடையில்கூட அதற்கான சாமான் கிடைக்கும். முதல்முறை கைவைக்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆர்எக்ஸ் வெறியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

கண்டதும் கிக்கரை உதைப்பது

நெடுநாள் நின்ற வண்டியைப் பார்த்ததும் கால் தானாகக் கிக்கருக்குப் போகும். அசையாவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளி, செகண்ட் கியரில் கிளட்சை விடுவார்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவேறி ஒட்டியிருந்தால் அந்த ஒரு தள்ளிலேயே ரிங் முறிந்து போரில் (சிலிண்டரின் உட்சுவரில்) கோடு விழும். ரிங் செட்டோடு முடிந்திருக்கும் வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு ராத்திரியாவது ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். அசையவில்லையா, இன்னும் கொஞ்சம் ஆயில், இன்னும் இரண்டு நாள். பழைய ஆயிலையும் வடித்துப் பாருங்கள். வெளுத்துக் குழம்பியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோதும் 2021 நவம்பர் மழையிலும் மாவட்டத்தில் வெள்ளம் புகுந்த இடங்கள் ஏராளம். வெள்ளத்தில் நின்ற வண்டியை விற்கிறவர் அதைச் சொல்லிக்கொண்டு விற்க மாட்டார். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலிக்கூடும் சைலன்ஸர் வாயில் குளவிக்கூடும் இருக்கிறதா என்பதையும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ் 100, மேக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கிராங்கின் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் நின்ற நிலையிலேயே காய்ந்து விறைத்துப்போகும். அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போனால் பெட்ரோல் கலவை மெலிந்து, அதிகம் சூடாகி பிஸ்டன் பிடித்துவிடும். சில நூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்து, புதிதாகப் போட்ட பிஸ்டனைப் பறிகொடுப்பது இப்படித்தான். ஆயில் பம்ப் ஒழுங்காக வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை, லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் டூடி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) பெட்ரோலிலேயே கலந்துவிடுங்கள். புகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

போர் செய்தே, அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கியே, ஆகவேண்டும் என்றால், பிஸ்டனை வாங்கிக்கொண்டு லேத்துக்குப் போக வேண்டும். சிலிண்டரை 0.50 அளவுக்குப் போர் அடித்துவிட்டு, பிறகு கடை கடையாக ஏறி 0.50 பிஸ்டன் இல்லை என்று தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அளவு வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் படியாக ஏறும். ஒவ்வொரு படியும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கு. கையிலிருக்கும் பிஸ்டனை அளந்து அதற்குத் தகுந்தபடி போர் செய்யச் சொல்லுங்கள். 0.25இலேயே கோடு போய்விடுமென்றால் 0.50க்குப் போகவே வேண்டாம்.

டேங்குக்குள் ஆசிட்

ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டில் பால் உறைய வைக்கும் ஆசிட் இருக்கும். மற்ற வீட்டில் கக்கூஸ் கழுவும் ஆசிட் இருக்கும். இரண்டில் ஒன்றை டேங்கில் ஊற்றிக் குலுக்கி எடுத்தால் துரு போய்விடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். துரு போகும், கூடவே தகடும் மெலியும். சின்ன ஓட்டை பெரிதாகும். கழுவி வைத்த ஒரு மணி நேரத்தில் மஞ்சள் துரு மறுபடி பூக்கும். கக்கூஸ் ஆசிட்டின் ஆவி பக்கத்தில் கிடக்கும் ஸ்பேனர்களையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைக்கும்.

பெட்ரோல் டேப்பைக் (திருகு குழாயை) கழற்றி, அந்தத் துளையை அடைத்துவிட்டு, ஒரு பிடி பழைய நட்டு போல்ட்டை உள்ளே போட்டு, சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். கை வலிக்கும், செலவு இல்லை. மிச்சத் துருவுக்கு வினிகர் ஊற்றி ஒரு நாள் விடலாம். அதைக் கொட்டியதும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் விட்டு உள்சுவர் முழுக்கப் படும்படி சுற்றிவிட வேண்டும். டேப்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும்; நாள்பட நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய வண்டிகளின் ரப்பர் டியூபும் கார்பரேட்டர் வாஷரும் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்தவை அல்ல. அவற்றை முதலிலேயே மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்துவதானால் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

டேங்க் ஒழுகுகிறது என்று நேரே வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போகாதீர்கள். பெட்ரோல் இல்லாத டேங்கிலும் ஆவி இருக்கும், வெடிப்பதும் அந்த ஆவிதான். பலமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, வெல்டு வைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பி, இந்த வேலை பழகிய ஆள் மட்டும் செய்யவேண்டியது. மற்ற தவறுகளில் காசு போகும். இதில் ஆளே போகலாம்.

உப்புக்காற்றும் பெயிண்டும்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நின்ற வண்டியில் துரு மேலாக மட்டும் இருக்காது. உப்பு, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் பிடித்து வைத்துக்கொள்ளும். எமரி தாளால் என்ன தேய்த்தாலும் குழிக்குள் இருக்கும் உப்பு போகாது. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, தேய்த்து, மறுபடி கழுவிக் காயவைத்து, அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பட்டி பூசி மினுக்கினால், உள்ளே துரு கறையான் மாதிரி ஓசையில்லாமல் தின்னும். ஆறு மாதத்தில் பெயிண்ட் கொப்புளம் விடும். நமக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் வெளுத்து மங்கும். ஜனவரியிலிருந்து மார்ச்வரைதான் நிம்மதியாக அடிக்க முடியும். அதுவரை பிரைமரோடு ஓட்டுவதில் ஒரு கேவலமும் இல்லை.

நிறத்தை மாற்றினால் அதையும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே அடித்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

நிற்காத வண்டியை ஓட வைப்பது

டயரில் பட்டன் (தரையில் பிடிக்கும் மேற்புற வெட்டு) நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2309 என்றால் 2009இன் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த ரப்பர் விறைத்து, மழையில் வழுக்கத்தான் செய்யும். டிரம் பிரேக்கில் இன்னொரு ஆபத்து: பசையால் ஒட்டிய லைனிங், பல வருடம் நின்ற வண்டியில் ஷூவிலிருந்து உரிந்து வந்து சக்கரத்தையே பூட்டிவிடலாம். தடிமன் இருந்தாலும் புதியதாக மாற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிரேக், கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களையும் சேர்த்தே மாற்றிவிடலாம், பெரிய செலவில்லை.

அறுத்துவிட்டு யோசிப்பது

பின்சட்டத்தை அறுத்துக் குட்டையாக்கி, மட்கார்டைக் கழற்றி, ஒற்றை சீட் போடுவதுதான் இப்போதைய மோகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வழக்கு கேரளத்திலிருந்து போனது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், சட்டகத்தை அறுத்து ஒட்டிய இடம் மேடுபள்ளத்தில் விரியும். மட்கார்டு இல்லாத வண்டி, நம்மூர் மழையில் சேற்றை முதுகிலும் கார்பரேட்டரிலும் அள்ளிப் பூசும். டூ ஸ்ட்ரோக் சைலன்ஸரை அறுத்தால் சத்தம் கூடும், இழுவை குறையும். அதன் நீளமும் வடிவமும் எஞ்சினுக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுச் செய்தவை.

ஆசைக்குச் செய்யவேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிற வேலையாகப் பாருங்கள். சீட் கவரைப் புதுத் துணியில் தைக்கலாம், கிரிப், கண்ணாடி மாற்றலாம், அலுமினியக் கவரைக் கையால் பாலிஷ் போடலாம். எல்ஈடி ஹெட்லைட் மாட்டுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய பைக்குகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு வருவது பேட்டரி மின்சாரமே கிடையாது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேராக வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரம். எல்ஈடி அதில் மினுக்கி மினுக்கிச் செத்துப்போகும். சிலவற்றில் 6 வோல்ட் வேறு. வயரிங்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிரிக்கும்போது ஒவ்வொரு பகுதியையும் போனில் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் பெயரெழுதிப் போட்டுவையுங்கள். வண்டி முழுவதையும் ஒரே நாளில் பிரித்துப் போடாமல், ஒரு பகுதியை முடித்து மாட்டிய பிறகு அடுத்ததற்குப் போகலாம். புதியது மாட்டினாலும் பழைய பாகத்தைப் பழைய இரும்புக் கடையில் போட அவசரப்படாதீர்கள். மாட்டிய டூப்ளிகேட் பொருந்தவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

வண்டி ஓடத் தொடங்கி, இன்சூரன்ஸும் போட்ட பிறகு, முதல் ஓட்டத்துக்குப் பேச்சிப்பாறை ஏற்றம் வேண்டாம். காற்று தள்ளும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் வேண்டாம். வீட்டைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் போய்வந்து, எஞ்சின் ஆறியதும் ஹெட் நட்டு, ஆக்சில் நட்டு, எஞ்சின் மவுண்டிங் போல்ட், செயின் இழுப்பு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து இறுக்குங்கள். போர் செய்த எஞ்சினென்றால் முதல் 500 கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் திருகாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டி, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியாக இருந்தால் அதன்பின் ஆயிலை மாற்றிவிடுங்கள்.