ஜோகன்னஸ்பர்க்கில் எந்த மாதம் எதற்கு ஜாக்கிரதை?

அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசி மழையையும் வைத்து ஆண்டைக் கணக்குப் பண்ணிப் பழகியவர்களை இங்கே தென்னாப்பிரிக்காவில் முதலில் குழப்புவது ஜூன் மாதம்: ஜூன், ஜூலைதான் இங்கே குளிர்காலம், டிசம்பர், ஜனவரிதான் கோடை. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய நம்ம குன்னூர் உயரத்தில், 1,750 மீட்டரில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில், ராத்திரி உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பெரும்பாலான வீடுகளில் ஹீட்டர் கிடையாது, நீங்கள்தான் வாங்க வேண்டும்.

பழைய ஆட்கள் சிலர் "கோடையில்தான் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து, பேதி வந்துவிடும்" என்பார்கள். பொய்யில்லை, ஆனால் பழைய கணக்கு. குழாய்த் தண்ணீர் பரவப் பரவ கோடைப் பேதிச் சாவுகள் குறைந்தன. 2009-இல் ரோட்டாவைரஸ், நிமோகாக்கல் தடுப்பூசிகள் அரசு அட்டவணையில் சேர்ந்ததும், குளிர்காலத்தில் குழந்தைகளைத் தாக்கிய வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் குறைந்தன. குழந்தையின் தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள், பள்ளியிலும் கேட்பார்கள்.

இப்போது குளிர்காலச் சாவு என்றால் பெரும்பாலும் வயதானவர்கள்தான்: நெஞ்சுச் சளி, மாரடைப்பு, பக்கவாதம். அப்பா அம்மாவை ஜூன், ஜூலையில் வரவழைப்பவர்கள் இதை யோசியுங்கள். ஃப்ளூ பருவம் ஏப்ரல், மே மாதத்திலேயே தொடங்கிவிடும், அதனால் ஊசியை அதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய மருந்துக்கடைகளிலேயே போடுவார்கள். இன்னொன்று, கரண்ட் போன ராத்திரியில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். இங்கே 'இம்பாவுலா' என்கிற அந்த ஓட்டை போட்ட தகர டின்னின் கரிப்புகை ஒவ்வொரு குளிர்காலத்திலும் உயிர் வாங்குகிறது.

புதிய நோய்க்கு இந்தப் பருவக் கணக்கெல்லாம் செல்லாது. 1918 ஃப்ளூ இந்த நாட்டில் குளிர் முடிந்து அக்டோபரில்தான் மக்களை வாரிக்கொண்டு போனது. கோவிட் முதல் அலை 2020 ஜூலையில் உச்சம் தொட்டது, அடுத்தது நடுக்கோடையில், 2021 ஜனவரியில்.

அப்புறம், மலேரியா. நகரத்தில் கிடையாதே என்று நினைப்போம். ஆனால் டிசம்பர் லீவில் குரூகர் காட்டுக்கும் மொசாம்பிக் கடற்கரைக்கும் போய் வந்தவர்கள் ஜனவரியில் காய்ச்சலோடு படுக்கிறார்கள். செப்டம்பர் முதல் மே வரை அந்தப் பக்கம் மலேரியாக் காலம். திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பு வலி என்றால் ஃப்ளூ என்று பாராசிட்டமால் போட்டு உட்காராமல், அன்றே டாக்டரிடம் போய் "இன்ன இடம் போய் வந்தேன்" என்று நீங்களே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பயணமே போகாதவர்களுக்கும் அபூர்வமாக வருகிறது. வண்டிகளில் ஏறிவரும் கொசுவின் வேலை.

நோயைவிட எனக்குப் பயம் சாலைதான். ஒவ்வொரு டிசம்பர்–ஜனவரி விடுமுறையிலும் நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் சாகிறார்கள், ஈஸ்டரிலும் விபத்துகள் கூடும். நம்மவர்களுக்கு இது நேரடி விஷயம்: டர்பன் பக்கம் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழா புனித வெள்ளியை ஒட்டித்தான் வருகிறது. வியாழன் சாயங்காலம் ஆபீஸ் முடித்து என்3 சாலையில் கிளம்பினால், வான் ரீனென் கணவாயை இருட்டில், லாரிகளுக்கு நடுவே, பல நாள் பனிமூட்டத்திலும் கடக்க வேண்டியிருக்கும். புதன்கிழமையே லீவு போட்டு, பகலிலேயே போய்ச் சேருங்கள்.