லெவலை நிறுத்துங்கள், முதலில் கிடங்கைப் பெரிதாக்குங்கள்: சிம்சிட்டி பில்ட்இட் ஆடுபவர்களுக்கு

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூருக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே அளவு. அந்த நேரத்தில் வளர்ந்ததுதான், போனில் ஊர் கட்டி ஆடுகிற சிம்சிட்டி பில்ட்இட் ஆட்டத்தில் என்னுடைய நகரம். போன மாதம் பக்கத்து சீட்டில் உட்காரும் தம்பி ஒருவன் போனை நீட்டி, "அண்ணா, லெவல் மளமளன்னு ஏறிடுச்சு, ஆனா கையில காசே இல்ல, ஜனம் வீட்டை விட்டுட்டு போகுது, என்னண்ணா பண்றது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் வழியில் சூளகிரியோடு நின்றுபோனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் லெவல் ஏறுவது பரிசு மாதிரி தெரியும், பட்டாசு வெடிக்கும், புதுக் கடை திறக்கும். ஆனால் ஒவ்வொரு லெவலும் செலவைக் கூட்டிக்கொண்டுதான் வருகிறது. நேற்று வரை மின்சாரமும் தண்ணீரும் இருந்தால் போதும் என்று இருந்த ஊர், திடீரென்று கழிவுநீர்க் குழாய் எங்கே, குப்பைக் கிடங்கு எங்கே, தீயணைப்பு நிலையம் எங்கே, போலீஸ் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்க ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் சிமோலியன், அதாவது ஆட்டத்துக் காசு, வேண்டும். இன்னொரு பக்கம் வீடுகளை அப்கிரேட் செய்யக் கேட்கும் பொருட்களும் மாறும், ஏனென்றால் உங்களுக்கு எந்தக் கடையெல்லாம் திறந்திருக்கிறதோ அதிலிருந்துதான் ஆட்டம் பொருள் கேட்கும். ஆணியும் பலகையும் கேட்ட வீடு அடுத்த வாரம் நாற்காலி கேட்கும், காய்கறி கேட்கும், அதற்கடுத்து இன்னும் நேரமெடுக்கிற எதையாவது கேட்கும்.

லெவல் ஏறுவதற்கான புள்ளிகள் பெரும்பாலும் வீடு கட்டும்போதும் அப்கிரேட் செய்யும்போதும்தான் வருகின்றன. ஆகவே அப்கிரேட்டை நிறுத்தினால் லெவலும் நின்றுவிடும். பொருள் செய்யலாம், விற்கலாம், வரி வசூலிக்கலாம், ஊர் ஒரே லெவலில் இருந்தபடியே பணக்கார ஊராக மாறும். இதை நான் அறிந்துகொள்ள மூன்று மாதம் ஆயிற்று. என் முதல் நகரத்தைப் பாதியில் அழித்துவிட்டு இரண்டாவதாக ஆரம்பித்ததே இதைச் சரியாகச் செய்து பார்க்கத்தான்.

அதனால் உங்கள் ஊரில் இப்போது காசு தட்டுப்பாடு என்றால், இன்றிலிருந்து எந்த வீட்டின் மேலும் வருகிற அப்கிரேட் சின்னத்தைத் தொடாதீர்கள். கை அரிக்கும், தொடாதீர்கள். அந்த வீடு காத்திருக்கும், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

சரி, நிறுத்திவிட்டு என்ன செய்வது? கிடங்கு. எங்கள் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகளைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பெங்களூரா மாங்காய் வருஷம் முழுக்க வருவதில்லை, சீசனில் ஒரே மூச்சில் வரும், அந்த நேரத்தில் ஃபேக்டரி வாசலில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே பழத்தை அரைக்கிற வேகமும் கூழை வைக்க இடமும் இல்லையென்றால் வாசலில் எவ்வளவு பழம் நின்றாலும் பயனில்லை. இந்த ஆட்டத்திலும் அதே கணக்குதான். ஃபேக்டரியில் செய்கிற மூலப்பொருள், அதை வைத்துக் கடைகளில் செய்த பொருள், கிடங்கை விரிவாக்கத் தேவையான சாமான், நிலம் விரிவாக்கத் தேவையான சாமான் எல்லாமே ஒரே கிடங்கில்தான் உட்காருகின்றன. கிடங்கு நிரம்பியதும் ஃபேக்டரியில் முடிந்ததை எடுக்க முடியாது, மற்ற ஆட்டக்காரர்கள் விற்கிற சந்தையில் மலிவாக வந்ததை வாங்க முடியாது, எல்லாம் அப்படியே நின்றுவிடும்.

கிடங்கைப் பெரிதாக்க மூன்று சாமான் வேண்டும்: பூட்டு, கம்பி, கேமரா. மூன்றும் சம எண்ணிக்கையில் வேண்டும், ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் கேட்கிற எண்ணிக்கை கூடும். கட்டிடங்களின் மேல் வருகிற நீலக் குமிழியைத் தொட்டால் இவை அவ்வப்போது கிடைக்கும். அதே குமிழியில் புல்டோசரின் பிளேடு, சக்கரம், புகைக்குழாய் என்று நிலத்துக்கான சாமானும் வரும். ஆரம்பத்தில் நிலத்துக்கான சாமானைச் சேர்த்துவைக்காதீர்கள். விற்றுவிடுங்கள், சந்தையில் போட்டவுடன் போய்விடும், அந்தக் காசில் பூட்டும் கம்பியும் கண்ணில் படும்போதெல்லாம் வாங்குங்கள். நிலம் வேண்டாமா என்றால் வேண்டும், ஆனால் வீட்டையே நிறுத்திவைத்திருக்கிறவருக்கு நிலத்துக்கு இப்போது என்ன அவசரம்?

கிடங்கு சின்னதாக இருக்கும் நாட்களில் ஒரு வழி இருக்கிறது. ஃபேக்டரியில் தயாரான மெட்டலையோ கெமிக்கலையோ உடனே எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் எடுக்கிற வரை அது அந்த ஸ்லாட்டிலேயே, அதாவது தயாரான இடத்திலேயே, கெடாமல் இருக்கும். அதாவது ஃபேக்டரியே உங்கள் இரண்டாவது கிடங்கு. தேவைப்படும்போது எடுத்து நேராகக் கடைக்கு அனுப்புங்கள். வணிகக் கிடங்கில் விற்பனைக்குப் போட்ட பொருளும் உங்கள் கிடங்குக் கணக்கில் வராது, ஆனால் அங்கே போட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி, உங்களுக்கே தேவையான பொருளைப் போடாதீர்கள்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் கணக்குப் போடாமல் ஆடுகிறார்கள்.

மெட்டல் செய்ய 1 நிமிடம், மரம் 3, பிளாஸ்டிக் 9, விதை 20, மினரல் 30 நிமிடம், கெமிக்கல் 2 மணி நேரம். ஃபேக்டரியில் எல்லா ஸ்லாட்டும் ஒரே நேரத்தில் ஓடும், கடையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். இந்த வித்தியாசம் முக்கியம், மனதில் வையுங்கள். கட்டுமானப் பொருள் கடையில் ஆணி செய்ய 2 மெட்டலும் 5 நிமிடமும் போதும், அதிக விலையாக 80 சிமோலியனுக்கு விற்கலாம். பலகைக்கு 2 மரம், 30 நிமிடம், அதிக விலை 120. பார்க்கும்போது 120 பெரிதாகத் தெரியும். ஆனால் ஒரு மணி நேரத்தில் பலகை இரண்டுதான் முடியும், 240 சிமோலியன். அதே ஒரு மணி நேரத்தில் ஆணி பன்னிரண்டு முடியும், 960. நான்கு மடங்கு! கடையை அப்கிரேட் செய்தால் நேரம் கொஞ்சம் குறையும், ஆனால் இந்த விகிதம் மாறாது.

அப்படியென்றால் எப்போதும் ஆணியே அடித்துக்கொண்டிருக்கலாமா? முடியாது, ஏனென்றால் கடையில் ஸ்லாட் எண்ணிக்கை குறைவு. ஐந்து ஸ்லாட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆணி 25 நிமிடத்தில் முடிந்துவிடும், வருமானம் 400, அதற்குப் பிறகு நீங்கள் போனை எடுக்கிற வரை கடை சும்மா கிடக்கும். அதே ஐந்து ஸ்லாட்டில் சிமெண்ட் போட்டால், ஒன்றுக்கு 50 நிமிடம் வீதம் 250 நிமிடம் ஓடும், ஒரு சிமெண்ட் அதிகபட்சம் 440, ஆக 2200. மூலப்பொருளாகப் போகிற 10 மினரலையும் 5 கெமிக்கலையும் அப்படியே விற்றிருந்தால் 700தான் கிடைத்திருக்கும். ஆகவே கையில் போன் இருக்கிற நேரத்தில் ஆணி, போன் பையில் இருக்கிற நேரத்தில் சிமெண்ட். நான் பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்குகிற வரை மெட்டல், ஆணி, மெட்டல், ஆணி என்று ஓட்டுவேன். கம்பெனி வாசலில் இறங்குவதற்கு முன் ஃபேக்டரி எல்லாவற்றிலும் கெமிக்கல், கடையில் சிமெண்ட். ஷிஃப்ட் முடிந்து வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

இரவுத் தூக்கத்துக்கும் இதே முறைதான். லெவல் ஏற ஏறக் கண்ணாடி 5 மணி நேரம், கால்நடைத் தீவனம் 6, எலக்ட்ரிக்கல் பாகங்கள் 7 என்று நீண்ட நேரப் பொருட்கள் திறக்கும். அவற்றைப் படுக்கப் போகும்போது மட்டும் போடுங்கள். பகலில் ஒரு ஸ்லாட்டை ஏழு மணி நேரம் அடைத்துவைப்பது வீண்.

இன்னொன்று, செய்த ஆணி எல்லாவற்றையும் விற்றுவிடாதீர்கள். நாற்காலிக்கு ஆணியும் சுத்தியலும் வேண்டும், இப்படி ஒரு பொருளுக்குள் இன்னொரு பொருள் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து ஆணி, ஐந்து சுத்தியல், ஐந்து பலகை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். மெட்டல், மரம், பிளாஸ்டிக் மூன்றையும் மூட்டையாகச் சேர்க்காதீர்கள், அவை நிமிடங்களில் கிடைக்கிற பொருட்கள், கிடங்கில் இடம் பிடிக்கத்தான் உதவும். கெமிக்கலைச் சேர்க்கலாம், அது இரண்டு மணி நேரத்துச் சமாசாரம்.

சேவைகள் பற்றி. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குத் தண்ணீர் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்று பல வருஷம் பல் கறைபடக் குடித்து, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிய பிறகுதான் குழாயில் காவிரித் தண்ணீரைப் பார்த்த ஊர்கள் இங்கே நிறைய. வீடு வந்து வெகுகாலம் கழித்துத் தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். ஓசூரை எடுத்துக்கொள்ளுங்கள், சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, வேலை வந்தது, ஆள் வந்து சேர்ந்தார்கள், 2019இல் மாநகராட்சியும் ஆனது, ஆனால் காலையில் என் பஸ் ஊருக்குள் நுழைகிற வேகத்தைப் பார்த்தால் சாலை இன்னும் ஜனத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். நிஜ ஊரில் ஆட்களை வராதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. முதலில் சேவை, பிறகு வீடு.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், குப்பை இந்த நான்குக்கும் எல்லை கிடையாது, சாலையோடு இணைந்திருந்தால் வரைபடத்தின் எந்த மூலையில் வைத்தாலும் ஊர் முழுக்க வேலை செய்யும். அதனால் நிலக்கரி மின்நிலையம், குப்பைக் கிடங்கு, ஃபேக்டரிகள் என்று மாசு விடுகிறவற்றை ஒரு ஓரத்தில் கூட்டமாக வைத்துவிடுங்கள், அவற்றின் பக்கத்தில் ஒரு வீடும் வேண்டாம். தீயணைப்பு, போலீஸ், ஆஸ்பத்திரி மூன்றும் அப்படியில்லை, அவற்றுக்குக் குறிப்பிட்ட சுற்றளவு உண்டு, அதற்குள் இருக்கிற வீட்டுக்குத்தான் பலன். இவற்றை நடுவில் வைத்து, வீடுகளைச் சுற்றி நெருக்கமாக அடுக்குங்கள். பூங்காவுக்கும் சுற்றளவு உண்டு, அதற்குள் வருகிற வீடுகளில் ஜனத்தொகை கூடும். வீட்டை இழுத்துப் போய் வேறு இடத்தில் வைக்கக் காசு கிடையாது! இது பலருக்குத் தெரிவதில்லை. ஊரைப் பரப்பிக் கட்டிவிட்டோமே என்று கவலைப்படாதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா வீட்டையும் நடுவுக்கு இழுத்துவிட்டால், ஏற்கனவே இருக்கிற தீயணைப்பு நிலையமே இன்னும் நாலு வீட்டைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். அந்தத் தம்பியின் ஊரில் ஜனம் ஓடியதற்குக் காரணமே இதுதான், மூன்று வீடு எல்லைக்கு ஒரு கட்டம் வெளியே நின்றிருந்தன. இழுத்து வைத்தோம், அன்று மாலைக்குள் மகிழ்ச்சி ஏறியது. மகிழ்ச்சி ஏறினால் வரி ஏறும். வரியைத் தினமும் ஒரு தடவையாவது டவுன் ஹாலைத் தொட்டு எடுத்துவிடுங்கள்.

பச்சை நிறப் பணமான சிம்கேஷ் பற்றி ஒரே வார்த்தை: அவசரத்துக்குச் செலவழிக்காதீர்கள். பத்து நிமிடம் காத்திருக்க மாட்டாமல் அதைக் கொடுத்துப் பொருளை முடிக்கிறவர்கள் பிறகு அதையே காசு கொடுத்து வாங்குகிறார்கள். சாதனைகளில் கிடைக்கிற சிம்கேஷ் எல்லாவற்றையும் கடைகளின் ஸ்லாட்டுக்குப் போடுங்கள். மேலே சொன்ன சிமெண்ட் கணக்கைத் திரும்பப் பாருங்கள், ஐந்து ஸ்லாட் ஏழானால் தூங்கி எழுவதற்குள் என்ன கிடைக்கும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் எப்போது மறுபடியும் வீடுகளைத் தொடலாம்? நான் பார்க்கிற அளவு இது. அடுத்து திறக்கப்போகிற சேவையை வாங்கக் காசு கையில் இருக்க வேண்டும், மின்சாரமும் தண்ணீரும் இப்போதைய தேவையைவிடக் கொஞ்சம் மிச்சமாக ஓட வேண்டும், கிடங்கில் கால் பங்காவது காலியாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் நாலைந்து வீட்டை ஒரே மூச்சில் அப்கிரேட் செய்து லெவலைத் தாண்டுங்கள், தாண்டியதும் கேட்கிற சேவையை அன்றே வையுங்கள், மறுபடி நிறுத்துங்கள். ஒரு லெவலில் நான் இரண்டு வாரம்கூட நின்றிருக்கிறேன்.

தம்பி மூன்று வாரமாக ஒரு வீட்டையும் தொடவில்லை. கிடங்கை நான்கு தடவை பெரிதாக்கியிருக்கிறான். நேற்று பஸ்ஸில் ஏறியதும், போலீஸ் நிலையத்துக்கான காசு சேர்ந்துவிட்டது, அதை நடுவில் வைப்பதா, புது வீடுகள் வரப்போகிற வடக்குப் பக்கம் தள்ளி வைப்பதா என்று கேட்டான். நடுவிலேயே வைக்கச் சொன்னேன், வடக்குப் பக்கம் ஜனம் வரும்போது இழுத்துக்கொண்டால் போகிறது.