நாட்டுக் கத்தரியில் விதை எடுக்கலாம், வாங்க

முதன்முதலாக விதை எடுக்கிறவர்களுக்கு நான் கத்தரியைத்தான் சொல்வேன். ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கான விதை இருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவற்றைக் காயவைத்துக் காப்பாற்றுவதில்தான் கவனம் வேண்டும்.

செடி நாட்டு ரகமாக இருக்கட்டும். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை தாய்ச்செடி போலவே காய்க்காது.

ஆடிப்பட்டச் செடியில், ஐப்பசி மழையில் பழுக்கும் பழம் பெரும்பாலும் அழுகிவிடும். கார்த்திகையில் பூத்துப் பிடிக்கிற காய்களை விதைக்கு விடுங்கள். அவை தையில், மழை ஓய்ந்த பிறகு பழுக்கும்.

கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும் வண்டும் தேனீயும் வந்தால் பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும். சான்று விதை, அதாவது தரச் சான்று பெற்று விற்கும் விதை, விளையும் வயலுக்கு வேறு ரகத்திலிருந்து 100 மீட்டர் இடைவெளி கேட்பது இதனால்தான். மாடித்தோட்டத்தில் அதற்கு இடமேது? மலரப்போகும் மொட்டை முதல் நாள் மாலையே மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். மறுநாள் காலை கிளையை லேசாகத் தட்டினால் மகரந்தம் உதிரும். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது குழம்புக்குப் பறித்துவிடுவார்கள். நோயில்லாத நான்கைந்து செடிகளில் இப்படிச் செய்வது நல்லது.

பூத்து 50, 60 நாளில் காய் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். பறித்து, நன்றாக மெத்தென்று ஆகும்வரை நிழலில் வையுங்கள். பிறகு அறுத்து, தண்ணீரில் சதையைப் பிசையுங்கள். மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கும் விதையை மட்டும் அலசி எடுங்கள்.

இனி அவசரப்படக் கூடாது. பிளாஸ்டிக் தாளில் பரப்பினால் விதை புழுங்கும். பருத்தித் துணியில் மெல்லிசாகப் பரப்புங்கள். முதல் நாள் முழுக்க நிழல். பிறகு காலை வெயிலும் மாலை வெயிலும் போதும். 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேண்டாம், ஈர விதையின் உயிர் அந்தச் சூட்டில் போய்விடும். தைப் பனியில் விதை மறுபடியும் ஈரம் இழுக்கும், அதனால் பொழுது சாயுமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் படக்கென்று உடைய வேண்டும். அதுதான் பதம்.

கண்ணாடிப் புட்டியில், வறுத்து ஆறவைத்த அரிசியைச் சிறு துணியில் முடிந்து போட்டு, அதன்மேல் விதைப் பொட்டலத்தை வையுங்கள். ரகத்தின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டி, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்தால் புட்டியின் குளிர்ச்சி போனபிறகே திறங்கள்.

புது விதை சில சமயம் உறக்கத்தில் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, 14 நாள் பாருங்கள். சான்று விதைக்கே 70 சதவீத முளைப்புதான் குறைந்தபட்ச அளவு. ஏழு முளைத்தால் அப்படியே நாற்றுவிடலாம். நான்கு, ஐந்துதான் முளைத்தது என்றால் விதையை இரட்டிப்பாகத் தூவுங்கள்.