குழந்தைகளின் கைவேலையும் ஓவியமும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை நாளின் பிற்பகலில், கைபேசியில் ஒரு காணொளியை ஓடவிட்டு, கூடத்தில் பாயை விரித்து, வண்ணக் காகிதங்களோடு அம்மாவும் பிள்ளையும் உட்காருகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் பிள்ளையே வெட்டுகிறது. விளிம்பு கோணலாகப் போகிறது. "இங்க கொடு, நான் நேரா வெட்டித் தரேன்" என்று அம்மா கத்தரிக்கோலை வாங்கிக்கொள்கிறார். அரை மணி நேரத்தில் அழகான காகித ரோஜா தயாராகிவிடுகிறது. பிள்ளையோ சன்னலோரம் போய் வேறு விளையாட்டில் மூழ்கிவிட்டது. வீட்டில் நடக்கும் கைவினை முயற்சிகளில் மிகப் பரவலான தவறு இதுதான் என்று நினைக்கிறேன். அந்த ரோஜாவில் பிள்ளையின் கை இல்லை. ஆகவே அதைச் சுவரில் ஒட்டினாலும் பிள்ளை அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு முதற்காரணம், முடிந்த பொருளை முன்மாதிரியாக வைத்துத் தொடங்குவது. காணொளியில் தெரியும் பூ, பழகிய பெரியவர் ஒருவரின் கையில் உருவானது. அதன் பக்கத்தில் தன் பூவை வைத்துப் பார்க்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தோல்வி மட்டுமே கண்ணில் படும். பொருளைக் காட்டுவதற்குப் பதிலாக உத்தியைக் காட்டிவிட்டு விலகிக்கொள்வது நல்லது. காய்கறி அச்சு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் ஐந்து இதழ்ப் பூ விழுகிறது. கீரைக்கட்டின் அடித்தண்டை ஒற்றினால் அடுக்கு ரோஜா போன்ற வடிவம் கிடைக்கிறது. வாழை மட்டையின் வெட்டு முகம் கட்டம் கட்டமான சல்லடையைத் தருகிறது. எதை எங்கே ஒற்றுவது, எத்தனை முறை ஒற்றுவது என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. இதிலும் பலர் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். வெண்டைக்காயை நறுக்கியவுடனே பயன்படுத்தினால் அதன் வழவழப்பு வண்ணத்தைப் பிடிக்கவிடாது. துணியால் ஒற்றியெடுத்துச் சிறிது நேரம் உலரவிட வேண்டும். அடுத்ததாக, வண்ணத்தைத் தட்டில் நீர்க்க ஊற்றி வைத்தால் அச்சு முழுவதும் வழிந்து வடிவமே தெரியாது. மடித்த ஈரத்துணியின் மேல் கெட்டியான வண்ணத்தைத் தடவி, அதில் தோய்க்கச் சொல்லுங்கள்.

படத்தைத் திருத்துவது இதைவிட ஆழமான தவறு. ஏறத்தாழ மூன்று, நான்கு வயதில் உலகெங்கும் பிள்ளைகள் மனிதரை வரையும்போது ஒரு வட்டத்தைப் போட்டு அதிலிருந்தே இரண்டு கால்களை இறக்குவார்கள். வயிறு இருக்காது, சில சமயம் கைகள் காதிருக்கும் இடத்திலிருந்து நீளும். இது வளர்ச்சியில் இயல்பாக வந்து தானாகவே கடந்துபோகும் கட்டம். "வயிறு எங்கே?" என்று கேட்டு, பென்சிலை வாங்கி நாமே போட்டுக் காட்டினால் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரே பாடம்: தனக்கு வரையத் தெரியாது என்பது. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகள் தங்களுக்கு முக்கியமாகப் படுவதைப் பெரிதாக்கியும் முக்கியமற்றதைச் சிறிதாக்கியும் வரைவார்கள் என்று விளக்கினார். என் அண்ணன் மகள் ஆறு வயதில் தன் பாட்டியை வரைந்தபோது வலக்கை மட்டும் முறம் போல விரிந்திருந்தது. இடக்கை ஒரு கோடு. "கை ஏன் இவ்வளவு பெரிசு?" என்று நான் குறை சொல்லும் குரலில் கேட்டுவிட்டேன். "அந்தக் கையாலதான ஆச்சி சோறு ஊட்டுவாங்க" என்றாள். அன்றிலிருந்து நான் எந்தப் பிள்ளையின் படத்திலும் அளவைப் பற்றிப் பேசுவதில்லை.

"இது என்ன?" என்ற கேள்வியும் சில பிள்ளைகளைச் சுருங்க வைக்கும், வரைந்தது புரியவில்லை என்ற செய்தி அதில் இருக்கிறது. "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டால் கதை வரும். எதைக் காட்டினாலும் பார்க்காமலே "சூப்பர்" என்று சொல்வதையும் பிள்ளைகள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

பரிசு காட்டி வரையச் சொல்லும் பழக்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி, 1973-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுக்கவும் செய்தார்கள். பிறகு வகுப்பில் விருப்பம்போல் விளையாடும் நேரத்தைக் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், பரிசைப் பற்றியே கேள்விப்படாத குழந்தைகள் செலவிட்டதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்ற பிரிவினரிடம் இந்தக் குறைவு காணப்படவில்லை. "நாலு படம் வரைஞ்சா சாக்லேட்" என்று பேரம் பேசும்போது, வரைவது பிள்ளைக்கு விளையாட்டாக இல்லாமல் வேலையாகிவிடுகிறது.

கையில் கொடுக்கும் பொருள்கள்

அடுத்து வருவன உடலுக்கே ஆபத்தான தவறுகள். அவற்றில் நம் வீடுகளுக்கே உரியது குன்றிமணி. விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் பிடிக்கும்போது கண்ணாகக் குன்றிமணியை வைப்பது நம் வழக்கம். அந்தச் சிவப்பும் கறுப்பும் பிள்ளைகளைக் கவர்கின்றன. ஆனால் அதன் பருப்பில் உள்ள அப்ரின் கடும் நஞ்சு. மேலோடு கெட்டியானது என்பதால் முழுதாக விழுங்கிய விதை தீங்கின்றி வெளியேறிவிடக்கூடும். மென்றாலோ, கோர்ப்பதற்காகத் துளையிட்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே கண் வைக்கும் வேலையைப் பெரியவர் செய்யட்டும். மீதியை உடனே எடுத்து வைத்துவிட வேண்டும். பிள்ளை செய்யும் பொம்மைகளுக்குக் கறுப்பு உளுந்தோ மிளகோ போதும். அவற்றையும் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகளுக்கு விரலால் குழி பதித்த கண்ணே சிறந்தது.

மூன்று வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் வீட்டில், ஏறத்தாழ 3 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்ளுங்கள். மணிகள், பொத்தான்கள், பேனா மூடிகள் எல்லாம் இதில் அடங்கும். ஃப்ரிட்ஜில் படம் ஒட்டுவதற்கென்று விற்கும் சிறிய, மிகுந்த வலுவுள்ள காந்தங்கள் இன்னும் ஆபத்தானவை. இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கிடையே அவை ஒன்றையொன்று ஈர்த்துத் திசுவைத் துளைத்துவிடும். பட்டன் பேட்டரி வைத்த மின்னும் அலங்காரங்களும் கூடாது.

பரணில் மிச்சமிருக்கும் எனாமல் பெயின்ட் டப்பாவைப் பிள்ளையிடம் கொடுப்பது மற்றொரு தவறு. வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய டப்பாவில் என்ன இருக்கிறதென்று நாம் அறிய முடியாது. பசையிலும் கவனம் வேண்டும். வீட்டில் காய்ச்சும் மைதாப் பசை பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் பழக்கம் புத்தகம் கட்டுபவர்களிடமும் சுவரொட்டி ஒட்டுபவர்களிடமும் உண்டு. அந்த முறையை வீட்டில் பின்பற்றக்கூடாது, மயில்துத்தம் நச்சுப்பொருள். அளவாகக் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள். சூட்டுப் பசைத் துப்பாக்கி, நொடியில் ஒட்டும் பசை, கட்டர் மூன்றும் பெரியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

காகிதத்தில் மிச்சம் பிடிப்பது ஆபத்தில்லை, ஆனால் மனத்தைச் சோர்வடையச் செய்வது. நகலெடுக்கும் தாள் பெரும்பாலும் 70 முதல் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனமுள்ளது, அதில் வாட்டர் கலர் பட்டால் நெளிந்து, இரண்டாம் பூச்சில் கிழிந்துவிடும். பிள்ளையோ தன் கை சரியில்லை என்று நினைக்கிறது. ஸ்கெட்ச் பேனாவுக்கும் கிரேயானுக்கும் அந்தத் தாளைக் கொடுத்து, நீர் வண்ணத்துக்குத் தடித்த ஓவியத் தாளைத் தனியாக வாங்கி வைக்கலாம்.

சுவருக்கு ஏறும்போது

நம் வீடுகளில் படம் மாட்டும் இடம் என்றால் கதவு நிலைக்கு மேலே, சற்று முன்சாய்ந்தவாறு தாத்தா படமும் சாமி படமும் இருக்குமிடம்தான். பிள்ளையின் ஓவியத்தையும் அதே உயரத்தில் ஏற்றிவிடுகிறோம். ஐந்து வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஏறத்தாழ 110 செ.மீ.; ஆகவே கண் மட்டம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அருகில் இருக்கும். படத்தின் நடுப்பகுதி அந்த உயரத்தில் இருந்தால், பிள்ளை போகிற வருகிறபோது தன் வேலையைத் தானே பார்க்கும், வந்தவர்களை இழுத்துக்கொண்டு போய்க் காட்டும்.

செல்லோடேப் எல்லோரும் முதலில் எடுப்பது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் ஊறிவிடும், பிறகு அகற்ற வழியில்லை. டபுள் சைட் டேப்போ எடுக்கும்போது சுவரின் டிஸ்டெம்பரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்; வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதன் விளைவு தெரியும். இரண்டு ஆணிகளுக்கிடையே நல்ல கயிறு ஒன்றைக் கட்டித் துணி கிளிப்பில் மாட்டுவது எளிது, படத்தை மாற்றவும் வசதி. ஆனால் தொட்டிலுக்கோ கைக்குழந்தை படுக்கும் இடத்துக்கோ மேலே இப்படிக் கயிறு கட்டக்கூடாது.

வெயில் நேரே விழும் சுவரில் ஸ்கெட்ச் பேனாவின் சாயம் சில மாதங்களில் வெளிறிவிடும். பென்சில் கோடு வெளிறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர்களில் கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி மாட்டினால் பின்புறம் பூஞ்சை படரும். சட்டத்தின் கீழ் மூலைகளில் ரப்பர்த் துண்டுகள் ஒட்டிக் காற்றுக்கு இடம் விடுங்கள். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைக்கச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் கிரேயான் மெழுகு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் செய்தால் படம் பத்திரம் என்று நினைத்துக் கடையில் கொடுக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் சூட்டில் கிரேயான் உருகிப் பரவும், ஒருமுறை ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது.

கூடத்தில் "நன்றாக" வந்த படம், மற்றவை படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் என்று பிரிப்பதையும், அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் தம்பியின் படத்தை வைத்து ஒப்பிடுவதையும் தவிர்க்க வேண்டும். ஆளுக்கொரு கயிறு இருக்கட்டும். எதை மாட்டுவது என்பதை அவரவரே சொல்லட்டும். கொலு வைக்கும் வீடுகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. படிகளுக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காவில் நாலைந்து நாளுக்கு முன்பே கேழ்வரகோ வெந்தயமோ விதைத்துப் புல் வளர்ப்பார்கள், தீப்பெட்டியில் வீடு கட்டுவார்கள். கடையில் வாங்கிய தயார் பொம்மைகளால் அந்த இடத்தையும் நிரப்பிவிடும் பழக்கம் இப்போது பெருகிவருவது எனக்கு வருத்தமளிக்கிறது.

எடுத்து வைப்பதும் கழிப்பதும்

படங்களைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுப் பரணில் வைத்தால், ரப்பர் உலர்ந்து காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும்; சுருளும் பிறகு விரியாது. பெரிய ஃபைலில் தட்டையாக அடுக்கி வையுங்கள். இடையில் செய்தித்தாளை வைத்தால் அதன் மையும் அமிலமும் படத்துக்கு ஏறும், வெள்ளைத் தாளே நல்லது. மைதாப் பசையும் காகிதமும் இராமபாணப் பூச்சிக்கு விருந்து; அதற்காகப் பாச்சை உருண்டை போடுவது பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆபத்து. மிட்டாய் என்று வாயில் போட்டால், குறிப்பாகச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் அழியும். ஓலைச்சுவடிகளைக் காக்க நம் முன்னோர் பயன்படுத்திய வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், அதையும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்.

எல்லாவற்றையும் சேமிக்க எந்த வீட்டிலும் இடமில்லை. ஆனால் பிள்ளை உறங்கியபின் ரகசியமாகக் குப்பையில் போட்டு, மறுநாள் காலை காய்கறித் தோலுக்கிடையே பிள்ளையே அதைக் கண்டெடுக்கும் நிலை வரக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரையில் பரப்பி, எவை இருக்க வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். மற்றவற்றைச் சன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து படமெடுத்துக்கொண்டு, மொய் உறையாகவும் பரிசு சுற்றும் தாளாகவும் பயன்படுத்தலாம். இணையத்தில் பகிர்வதானால் பெயரும் பள்ளியும் தெரியும் மூலையை மறைத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்ளும் படங்களின் பின்புறம் தேதி, வயது, பிள்ளை சொன்ன வாக்கியம் ஆகியவற்றை அன்றே எழுத வேண்டும். பேனாவால் எழுதினால் மை மறுபக்கம் ஊறும், பால்பாயின்ட் முனை முன்பக்கத்தில் தடமாகப் புடைக்கும். மென்மையான பென்சிலே ஏற்றது. வாக்கியத்தை நம் மொழியில் திருத்தாமல் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால், அந்த நீலச் சுழி என்னவென்று வரைந்த பிள்ளைக்கே நினைவிருக்காது.