குர்பாவை ஊர் ஏக்கம் என்று படிக்காதீர்கள்

அரபுப் புலம்பெயர் புனைவைப் படிக்கும்போது 'குர்பா' என்ற சொல்லை 'ஊர் ஏக்கம்' என்று புரிந்துகொள்வதுதான் முதல் தவறு. ஏக்கத்துக்கு அரபியில் 'ஹனீன்' என்று தனிச்சொல் உண்டு. குர்பா என்பது அந்நியனாக இருக்கும் நிலை. அந்நியனைக் குறிக்கும் 'கரீப்', மேற்கைக் குறிக்கும் 'கர்ப்' இரண்டும் அதே வேரிலிருந்து வந்தவை. ஊரைப் பிரிந்தவருக்கு ஹனீன் வரும்; சொந்த ஊரின் நடுவே நிற்பவரையும் குர்பா விடாது.

இது பிடிபடாததால்தான் ஊர் திரும்பியதும் துயரம் தீர்ந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சூடானின் தாயிப் சாலிஹ் எழுதிய 'வடக்கு நோக்கி இடம்பெயரும் பருவம்' (1966) தொடங்குவதே ஊர் திரும்புதலில்தான். ஐரோப்பாவில் ஏழாண்டு இருந்துவிட்டு நைல் கரைக் கிராமத்துக்கு வருகிறான் கதைசொல்லி. அங்கே, முன்பு லண்டனில் வாழ்ந்துவிட்டு அந்தக் கிராமத்தில் குடியேறிய முஸ்தஃபா சயீத் ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார். பிற்பாடு அது திறக்கப்படும்போது உள்ளே ஆங்கிலேயர் வீட்டுக் கணப்படுப்பு, சுவரை அடைத்த புத்தகங்கள். குர்ஆன்கூட ஆங்கிலத்தில், அரபு நூல் ஒன்றுகூட இல்லை. இதை 'மேற்கு மோகம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடாதீர்கள். அதே மனிதரின் லண்டன் அறையில் சந்தனமும் சாம்பிராணியும் மணந்தன. இரண்டு அறைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்: எங்கே இருந்தாரோ அங்கே இல்லாததைத்தான் அவர் கட்டிக்கொண்டார். நாவலின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது என்பேன்.

அரபு மக்கள் ஊரைப் பிரிந்த கதைகள் எல்லாவற்றையும் ஒரே துயரமாகப் படிப்பது இன்னொரு பிழை. 1920இல் நியூயார்க்கில் எழுத்தாளர் கழகம் அமைத்த லெபனான், சிரியாக்காரர்களின் நிலை வேறு. 1948இல் இஸ்ரேல் உருவானபோது ஊரையே இழந்த பாலஸ்தீனியர்களின் நிலை வேறு. பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' (1963) நாவலில் குவைத்துக்குப் பிழைக்கப் போகும் மூவர் காலித் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிகிறார்கள். எல்லைச் சாவடியில் அதிகாரிகள் ஓட்டுநரிடம் அரட்டையடித்து நேரத்தைக் கடத்த, உள்ளே வெந்து சாகிறார்கள். அங்கே நினைவேக்கத்தை மட்டும் தேடினால் எல்லையும் அனுமதிச் சீட்டும் கண்ணில் படாது. பாத்திரம் எந்த ஆண்டு கிளம்பியது, கையில் என்ன தாள் இருந்தது, திரும்ப வழி உண்டா என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வீடு என்றால் பிறந்த மண்தான் என்ற முன்முடிவும் வழிதவறச் செய்யும். சூடானிய எழுத்தாளர் லைலா அபூலேலாவின் 'மினாரெட்' (2005) நாவலில் சூடான் தலைநகர் கார்ட்டூமின் செல்வக் குடும்பத்துப் பெண் நஜ்வா, லண்டனில் வீட்டு வேலை செய்கிறாள். அவளுக்கு அடைக்கலமாவது சூடான் அல்ல, ரீஜண்ட்ஸ் பூங்காப் பள்ளிவாசல்.